கருப்பு பூசினால் ராக் இதழ் ஆகிவிடாது

எனக்குப் பிழைப்பு இதழ்களுக்கு அட்டை செய்வது. இடையிடையே விஸ்காம் மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகளைப் பார்க்க வெளித் தேர்வாளராகவும் கூப்பிடுவார்கள். இந்த முறை பாதிப் பேர் இசை இதழ் எடுத்திருந்தார்கள். முதல் ஃபைலைத் திறந்தால் கருப்புப் பின்னணி, ரத்தச் சிவப்பில் தலைப்பு, கீறல் விழுந்த எழுத்து, ஓரத்தில் ஒரு மண்டையோடு. அடுத்ததும் அதே. அதற்கடுத்தது பாப் இதழாம்: ரோஸ், மஞ்சள், நட்சத்திரங்கள். ஜாஸ் எடுத்தவர் நீலத்தில் ஒரு சாக்ஸஃபோன் நிழலை வைத்திருந்தார். ஏன் இந்த நிறம் என்று வைவாவில் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "அந்த ஜானருக்கு அதுதான் சார் கன்வென்ஷன்."

அதை ஒருவழியாக முடித்துவிட்டு வந்தால் ஒரு போன். கர்நாடக இசைக்காகக் காலாண்டிதழ் தொடங்கப் போகிறார்களாம். அமெரிக்க ராக் இதழைச் சொல்லி, "ரோலிங் ஸ்டோன் மாதிரி பண்ணிக் கொடுங்க, கொஞ்சம் யூத்தா இருக்கணும்." இதற்கு மேல் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஜானருக்கும், அதாவது இசை வகைக்கும், ஒரு நிறம், ஒரு ஃபான்ட், ஒரு போஸ் என்று எங்கேயோ ஓர் அட்டவணை இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். ராக்குக்குக் கருப்பு சிவப்பு, பாப்புக்கு ரோஸ், ஜாஸுக்கு நீலம், கிளாசிக்கலுக்குத் தங்க நிறம். வகுப்பு நோட்ஸிலேயே அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறார்கள் போல. தயவுசெய்து அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். எந்த நல்ல இதழும் அட்டவணையைப் பார்த்துப் பிறக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட வாசகருக்கு, ஒரு குறிப்பிட்ட வகைக் கடையில், ஒரு குறிப்பிட்ட விலையில் இதழுக்கு இதழ் விற்றாக வேண்டும். அந்த நெருக்கடியில் ஆசிரியர் குழு திரும்பத் திரும்ப எடுத்த முடிவுகள்தான் நாளடைவில் வழக்கமாகப் படிகின்றன. வாசகர் மாறினால் வழக்கம் மாறும். கடை மாறினாலும் மாறும். காசு வரும் வழி மாறினால் மொத்தமும் மாறும். நிறமெல்லாம் இந்த வரிசையில் கடைசிப் பெஞ்சு.

கனமான ராக் வகையான மெட்டல் என்றாலே எல்லோரும் காட்டுவது 'கெராங்!' இதழை. 1981 ஜூனில் லண்டனின் 'சவுண்ட்ஸ்' வார இதழ் கொண்டுவந்த சிறப்பு வெளியீடாக அது தொடங்கியது. அட்டையில் ஏசி/டிசி இசைக்குழுவின் கிதார் கலைஞர் ஆங்கஸ் யங். கிதாரில் பவர் கார்டை ஓங்கி அடித்தால் எழும் சத்தம்தான் பெயர். அந்தச் சத்தத்தில் விரிசல் விட்டதுபோல எழுத்துகள். சரி, இதுவரை நோட்ஸோடு ஒத்துப்போகிறது. ஆனால் 2000-களின் 'கெராங்!' அட்டைகளை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். மை கெமிக்கல் ரொமான்ஸ் மாதிரியான இசைக்குழுக்களின் காலம் அது. வாங்கியவர்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஏராளம். மஞ்சள், பச்சை, ரோஸ் எல்லாம் அட்டையில் சகஜமாக வரும். உள்ளே போஸ்டர்கள் இருப்பதாக ஒரு பட்டை கத்தும். நடுவில் பெரிய படம், சுற்றிலும் சின்னச் சின்னத் தலைகள், ஆச்சரியக்குறிகள். பாக்கெட் மணியில் வாங்கி, அறைச் சுவரில் போஸ்டர் ஒட்டும் பிள்ளையிடம் பேசுகிற அட்டை. இசை என்னவோ கனமானதுதான். அட்டையின் நடை பாப் இதழின் நடை. மண்டையோட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு இது கண்ணில் படாது.

அந்தக் கீறல் ஃபான்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1976-ல் மார்க் பெரி லண்டனில் நடத்திய 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பங்க் இதழைப் பாருங்கள். தட்டச்சு இயந்திரம், மார்க்கர் பேனா, ஜெராக்ஸ், அவ்வளவுதான். அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே அச்சாகியிருக்கும். கையில் காசு கிடையாது, அடுத்த கச்சேரிக்குள் இதழ் வந்தாக வேண்டும். அந்த அவசரம்தான் அதன் வடிவம். இன்று அதே அவசரத்தை டவுன்லோடு செய்கிறார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இலவசக் கீறல் ஃபான்டில் ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால், இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருக்கும். தலைப்பில் இரண்டு 'ஆர்' இருந்தால் இரண்டுக்கும் ஒரே கால் உடைந்திருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். தாளில் மார்க்கரால் எழுதி ஸ்கேன் செய்யுங்கள். என்ன பெரிய வேலை?

அப்படியானால் ஜானர் எங்கேதான் இருக்கிறது? பெரும்பாலும் கவர்லைனில், அதாவது உள்ளே இருப்பதை அட்டையில் சொல்லும் வரிகளில். அதிலும் குறிப்பாக, கலைஞரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறது என்பதில். 1978-ல் நிக் லோகன் தொடங்கிய 'ஸ்மாஷ் ஹிட்ஸ்', பாட்டு வரிகளை அச்சடித்தே பதின்பருவப் பிள்ளைகளைப் பிடித்த இதழ். பாப் பாடகர்கள் அதற்கு வெறும் கைலி, ஜேசன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுவதுபோல முதல் பெயர் போதும். 1993-ல் வந்த 'மோஜோ'வின் முதல் அட்டையிலோ டிலனும் லெனனும். அந்த இதழ் குடும்பப் பெயரால்தான் பேசும். இதுவரை வெளிவராத கதை, அந்த ஆல்பம் உருவான விதம் என்ற தோரணையில் கவர்லைன்கள் வரும். வாசகர் நடுவயதுக்காரர், வீட்டில் ரெக்கார்டு அலமாரி வைத்திருப்பவர். அதனால்தான் எழுபது வயதுக் கலைஞரைப் பற்றிய கட்டுரைக்கும் அட்டையில் அவருடைய இருபத்தைந்து வயதுப் படம். அந்த வாசகர் மனதில் இருக்கும் முகம் அதுதான்.

1923-ல் காம்ப்டன் மெக்கன்சி தொடங்கிய 'கிராமஃபோன்' இதழில் இன்னொரு கணக்கு. மேற்கத்திய செவ்வியல் இசையில் ஒரே படைப்பைப் பலபேர் பதிவு செய்திருப்பார்கள். எதை வாங்குவது என்பதுதான் வாசகரின் கேள்வி. ஆகவே இசையமைத்தவர் பெயரும் வாசித்தவர் பெயரும் இரண்டும் அட்டையில் தெளிவாகத் தெரிய வேண்டும். கத்த வேண்டிய அவசியம் இல்லை. 1982-ல் தொடங்கிய 'தி வயர்' இன்னும் ஒருபடி மேலே. பெயர்களை வரிசையாகப் போட்டுவிட்டு விளக்கமே சொல்லாது. அந்தப் பெயர்கள் தெரியாதவர் தங்கள் வாசகர் இல்லை என்பது அதன் நிலை. இந்த நான்கு இதழ்களின் கவர்லைன்களையும் ஒரே ஃபான்டில், கருப்பு வெள்ளையில் தட்டச்சு செய்து கொடுங்கள். எது எந்த இதழ் என்று சொல்லிவிடலாம். உங்கள் ப்ராஜெக்ட் இந்தச் சோதனையைத் தாங்குமா என்று ஒரு தடவை பாருங்கள்.

காசு வரும் வழி என்றேன் அல்லவா, அதற்கு 'என்எம்இ'யைவிட நல்ல பாடம் கிடையாது. 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் 1952-ல் வந்த இதழ். பிரிட்டனின் முதல் சிங்கிள்ஸ் (தனிப்பாடல்) தரவரிசையை அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. பிற்காலத்தில் இண்டி ராக், அதாவது பெரிய நிறுவனங்களைச் சாராத ராக், ரசிகர்களின் கோட்டை. விலைக்கு விற்ற காலத்து அட்டைகளில் ஏதாவது ஒரு குழுவின் நான்கு பையன்களும் தோள் உரசி நிற்பார்கள், சுற்றிலும் இசைக்குழுப் பெயர்களாகக் கொட்டிக் கிடக்கும். 2015 தொடக்கத்தில் விற்பனை சுமார் 15,000 பிரதிகளாக இறங்கியது. அந்த செப்டம்பரில் இலவச இதழாக மாற்றி, ரயில் நிலையங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் மூன்று லட்சம் பிரதிகள் விநியோகித்தார்கள். முதல் இலவச இதழின் அட்டையில் ரியானா. இண்டி ரசிகர்கள் சிலருக்கு அதுவே பெரிய துரோகம். வடிவமைப்பாளர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் கோபப்பட ஒன்றும் இல்லை. இனி காசு தருபவர் விளம்பரதாரர். அவருக்கு வேண்டியது ரயிலில் போகிற எல்லா இளைஞர்களும். ரேக்கில் பக்கத்து இதழோடு சண்டை இல்லை என்பதால் பத்துக் கவர்லைன் தேவையில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு முகம் போதும். ஜானரின் வேலி தானாகத் தளர்ந்துவிட்டது. 2018 மார்ச்சில் அந்த அச்சு வார இதழும் நின்றுபோனது, அது வேறு கதை.

இதைச் சொன்னால் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை எழுந்து, "ரோலிங் ஸ்டோன் ஒரு கவர்லைன்கூட இல்லாமல் அட்டை போட்டதே சார்?" என்பார். போட்டது. 1981 ஜனவரி 22 தேதியிட்ட இதழ். ஆனி லீபவிட்ஸ் எடுத்த படம், ஜான் லெனன் தன் மனைவி யோகோ ஓனோவைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பார். 1980 டிசம்பர் 8 அன்று அந்தப் படத்தை எடுத்த சில மணி நேரத்தில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். என்ன நடந்தது, யார் இவர்கள் என்று ஒரு வரி எழுத வேண்டிய நிலையில் உலகம் இல்லை. உங்கள் முதல் இதழின் அட்டையில் இருக்கும் உங்கள் அறைத் தோழரை யாருக்கும் தெரியாது. எழுதுங்கள். வடிவமைப்பாளர் டேவிட் கார்சன் 'ரே கன்' இசை இதழில் பாடகர் பிரையன் ஃபெரியின் பேட்டியைக் குறியீடுகளாலான ஃபான்டில் போட்டதையும் இதே தொனியில் சொல்வார்கள். படிக்க முடிகிற வடிவம் அதே இதழின் பின்பக்கத்தில் இருந்தது என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இப்போது அந்தக் காலாண்டிதழ். "எந்த ரோலிங் ஸ்டோன்?" என்றுதான் கேட்டேன். 1967 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வென்னரும் ரால்ஃப் க்ளீசனும் தொடங்கியபோது அது மடித்த செய்தித்தாள். பெயர் எழுத்தின் முதல் வடிவத்தை வரைந்தவர் ரிக் கிரிஃபின், சைக்கடெலிக் கச்சேரி போஸ்டர்கள் வரைந்தவர். பிறகு பெரிய அளவு இதழ். 2008-ல் கடை ரேக்கில் மற்ற இதழ்களோடு நிற்க வேண்டும் என்பதற்காக அளவைச் சுருக்கினார்கள். போனில் கேட்டவர் மனதில் இருந்தது இது எதுவுமில்லை. சிவப்பு எழுத்து, முறைத்துப் பார்க்கும் முகம், அவ்வளவே. கச்சேரி மேடையில் கண்ணை மூடிப் பாடுகிறவரைக் கொண்டுவந்து முறைக்க வைத்தால் ரசிகர் என்ன நினைப்பார்? சென்னையில் 1983-லிருந்து வரும் 'ஸ்ருதி'யின் பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். காப்பியடிக்க இல்லை, இந்த வாசகர்கள் எதைக் கூர்ந்து பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ள.

என்ன பார்ப்பார்கள் என்றால், கையைப் பார்ப்பார்கள். முகம் உள்பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்காகப் படத்தைத் திருப்பிப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. வலது கைக்கார மிருதங்க வித்வான் ஒரே க்ளிக்கில் இடது கைக்காரர் ஆகிவிடுவார். வயலின் வில் கை மாறும், வீணையின் குடம் இடம் மாறும், மூக்குத்தி பக்கம் மாறும். கிதாரும் அப்படியே. ஆசிரியர் கவனிக்க மாட்டார். இதழ் வந்த அன்றே வாசகர் போன் செய்வார். இசை இதழில் படத்தைத் திருப்பவே திருப்பாதீர்கள். வேறு படம் எடுங்கள்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக் கடைகளில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து அடுக்கியிருக்கும், இடது ஓரம் மட்டும்தான் தெரியும். முக்கியமான பெயர்களை அவர்கள் இடது பக்கம் குவிப்பது அதனால். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் தெரிவது மேல்பகுதி. விற்கப்போவது இங்கே என்றால் அந்த இடது ஓர விதியை மனப்பாடம் செய்து என்ன பயன்? ஆன்லைனில் மட்டும்தான் விற்பனை என்றால் அட்டையைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். பெயரும் முகமும் தெரிந்தால் போதும்.

பிரபல இதழின் பெயர் எழுத்தை ட்ரேஸ் செய்து இரண்டு எழுத்தை மட்டும் மாற்றி வைக்காதீர்கள்; ப்ராஜெக்ட்டில் மார்க் போகும், வெளியே வந்தால் வக்கீல் நோட்டீஸ் வரும். படத்தில் இருப்பவர் தலையை மாஸ்ட்ஹெட் (அட்டையில் உள்ள இதழின் பெயர்) மேல் ஏற்றினால் மிச்ச எழுத்தை வைத்துப் புதிய வாசகர் பெயரைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பல வருடம் ஓடிய இதழுக்குக் கொடுத்த சலுகை முதல் இதழுக்குக் கிடையாது. எடுக்காத பேட்டிக்குக் கவர்லைன் எழுதாதீர்கள்.

அப்புறம் அச்சு. கருப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் வையுங்கள், ஆனால் 'கே' எனப்படும் கருப்பு மை மட்டும் நூறு சதவீதம் வைத்தால் பெரிய பரப்பில் சாம்பல் அடிக்கும். கொஞ்சம் சியான் (நீல மை) சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு அதன்மேல் பொடி எழுத்தை வெள்ளையில் விடாதீர்கள், ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது, மயிரிழை நகர்ந்தாலே எழுத்து அடைத்துக்கொள்ளும். பார்கோடு வெள்ளைப் பெட்டிக்குள் கருப்புக் கோடாகவே இருக்கட்டும். தீம் கெட்டுப்போகிறது என்று கோடுகளைச் சிவப்பாக்கினால் சிவப்பு லேசர் ஸ்கேனர் அதைப் படிக்காது, பில் போட முடியாத இதழைக் கடைக்காரர் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்.