பேப்பர் போடுவதற்கு முன்னால்

"கூலிக்கு மாரடிக்கிறேன், அவ்வளவுதான்." வேலை பிடிக்கவில்லை என்று ஆலோசனைக்கு வருபவர்கள் எப்படியும் ஒரு கட்டத்தில் இதைச் சொல்லிவிடுவார்கள். சென்னையில் உளவியல் ஆலோசகராக இருப்பதால் என்னிடம் வருபவர்களில் ஓஎம்ஆர் ஐடிக்காரர்கள் அதிகம். வங்கி ஊழியர்களும் தனியார் பள்ளி ஆசிரியைகளும் உண்டு. ஆசிரியைகளை விட்டுவிட்டால் மற்றவர்களுக்குச் சம்பளம் ஒரு குறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிற்றைப் பிசைகிறது என்பதுதான் குறை.

பேப்பர் போட்டு வேலையை விடலாமா, வேண்டாமா என்று கேட்பார்கள். நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. என்ன பிடிக்கவில்லை என்பதைத்தான் முதலில் பிரித்துப் பார்க்கிறோம். இதே வேலையை வேறு மேனேஜரிடம், வேறு டீமில் செய்யச் சொன்னால்? "அப்படின்னா ஓகே" என்று சட்டென்று பதில் வந்தால், மாற வேண்டியது இடம் மட்டுமே. பத்து நாள் லீவில் ஊருக்குப் போய்த் தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டால் அது வெறும் களைப்பு. லீவு முடிந்து வந்த மூன்றாம் நாளே பழையபடி ஆகிவிட்டால் 'பர்ன் அவுட்' ஆக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலையால் வரும் நிலை என்றுதான் வகைப்படுத்தியது. சக்தி வற்றிப்போவது, வேலை மீதே கசப்பு வருவது, எதையும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்று தோன்றுவது ஆகிய மூன்றும் அதில் சேரும்.

இன்னொன்றும் உண்டு. பிடித்த சாப்பாடு, குழந்தை, கிரிக்கெட் என்று எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அது வேலைப் பிரச்சினையாக மட்டும் இருக்காது. மனநல மருத்துவரைப் பாருங்கள். முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றிருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இதெல்லாம் கழித்த பிறகும் "இந்த வேலையே எனக்கு ஆகாது" என்று நிற்பவர்கள் இருக்கிறார்கள். கடந்த ஒரு வருடத்தில் மாறுவதற்காக என்ன செய்தீர்கள் என்று அவர்களிடம் கேட்டால் அநேகமாக அமைதிதான். சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீசில் இரண்டு ஆள் வேலையைப் பார்க்கிறவர்கள். ஆனால் தன் விஷயத்தில் கை எழவே மாட்டேன் என்கிறது. 34 வயதில் "இனிமே எனக்கு என்ன சார் வரும்?" என்கிறார் ஒருவர்.

இதற்கு உளவியலில் ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1967-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மெயர் என்ற இருவர், நாய்களுக்குத் தடுக்க முடியாத மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு, ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிக்கலாம் என்ற இடத்தில் விட்டபோதும் அவற்றில் பெரும்பாலானவை தாண்டாமல் படுத்துக் கிடந்தன. இயலாமையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று முடிவு கட்டினார்கள். (இன்றைக்கு இப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம்.) கிட்டத்தட்ட 50 ஆண்டு கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளை வைத்துத் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொண்டார்கள். கெட்டது நீண்டுகொண்டே போகும்போது அடங்கிக் கிடப்பது மூளையின் இயல்பு, அதைக் கற்க வேண்டியதில்லை. 'நான் செய்தால் ஏதோ நடக்கும்' என்பதைத்தான் மூளை கற்க வேண்டும் என்றார்கள்.

என் வேலையில் எனக்கு மிகவும் உதவிய திருத்தம் இது. விழுந்து விழுந்து உழைத்த வருடமும் ஒப்பேற்றிய வருடமும் அப்ரைசல் என்ற வருடாந்திர மதிப்பீட்டில் ஒரே ரேட்டிங்கில் முடிகிற ஆபீசில் எட்டு, ஒன்பது வருடம் இருந்தால், செய்வதற்கும் கிடைப்பதற்கும் உள்ள முடிச்சு அவிழ்ந்துவிடும். அதை மேடைப் பேச்சால் கட்ட முடியாது. தன்னம்பிக்கை வீடியோக்களைக் கரைத்துக் குடித்தவர்களே என்னிடம் அதிகம் வருகிறார்கள். மனம் மாறட்டும், அப்புறம் செய்கிறேன் என்று காத்திருப்பதுதான் இங்கே சிக்கல். கை முதலில் எதையாவது செய்ய வேண்டும், அதன் பலன் சீக்கிரம் கண்ணில் பட வேண்டும்.

மேனுவல் டெஸ்டிங்கில், அதாவது மென்பொருளைக் கையால் சோதித்துப் பார்க்கும் வேலையில், வருடக்கணக்காக இருந்த ஒருவரிடம், முதல் இரண்டு மாதம் வேலை தேடவே வேண்டாம் என்றேன். வேலை தேடுவதில் பலன் நம் கையில் இல்லை. பத்து விண்ணப்பத்துக்குப் பதில் வராவிட்டால் இயலாமைதான் இன்னும் இறுகும். அதற்குப் பதிலாக, ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் என்பிடெல் இணையப் பாடத் தளத்தில் புள்ளியியல் பாடம் ஒன்றில் சேர்ந்தார். படிக்கக் காசு இல்லை, தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். வாராவாரம் வரும் அசைன்மென்டில் உட்கார்ந்து போட்டால் மார்க் வரும், போடாவிட்டால் வராது. அவிழ்ந்த முடிச்சு இறுகுவதற்கு அந்தச் சின்ன மார்க் போதுமானதாக இருந்தது.

எப்போது படிப்பது? எல்லோரும் கை வைக்க நினைப்பது ராத்திரி ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில். நான் அதைத் தொட வேண்டாம் என்பேன். நாள் முழுக்க யாருக்கோ ஓடியவருக்கு அது ஒன்றுதான் சொந்த நேரம். அதைப் பிடுங்கினால் நான்காம் நாள் எல்லாமே நின்றுவிடும். அந்த டெஸ்டிங்காரர் கம்பெனி பஸ் ஏறியதும் படிக்க ஆரம்பித்தார், ஆபீஸ் இருக்கும் சோழிங்கநல்லூர் வருவதற்குள் மூடிவிட்டார். தினமும் நடக்கிற ஒன்றோடு ஒட்டிவிட்டால் தனியாக மனதைத் திரட்ட வேண்டியதில்லை.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை அந்தக் கணக்கு போனது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை. ஆறாம் நாள் தவறிவிட்டது என்று நோட்டையே மூடிவைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெண்களுக்கு இந்த யோசனை அப்படியே பொருந்தாது. தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள் என்றபோது, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, "அரை மணி நேரமா? பாத்ரூம்லகூடக் கதவைத் தட்டுறாங்க" என்றார். அவருக்குப் பழக்கத்தைவிட முதலில் வீட்டில் ஒரு பேச்சுவார்த்தைதான் தேவைப்பட்டது. வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனி விடுமுறை. அந்தக் காலைகளில் குழந்தையைக் கணவர் பார்த்துக்கொள்வது, இவர் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்வது என்று முடிவானது. மாமியாருக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

பிறகு ஆட்கள். புது வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களிடமிருந்து வருவது குறைவு, அவர்களுக்கும் நமக்குத் தெரிந்ததுதானே தெரியும்? மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டன் பகுதியில் விசாரித்தபோது, தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் ஆறில் ஒருவர்தான் அந்த ஆளை அடிக்கடி சந்திப்பவராக இருந்தார். 1973-இல் வந்த கட்டுரை அது. ஆகவே டச் விட்டுப்போன காலேஜ் சீனியர், பழைய கம்பெனி ஆட்கள் என்று வாரம் ஒருவரிடம் பேசுங்கள். வேலை கேட்க வேண்டாம், அவர்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு, தாங்கள் ஆசைப்பட்ட வேலையிலும் இதே அப்ரைசல் அழுகை இருப்பது அப்போதுதான் தெரிகிறது.

கடைசியில் பணம். ஆறு மாத வீட்டுச் செலவும் இஎம்ஐயும் கையில் இல்லாமல், கோபத்தில் பேப்பர் போடாதீர்கள். நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தால்தான் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அது வரும். பிஎஃப் பணத்தை 5 ஆண்டுக்குள் எடுத்தால் வரி உண்டு, எடுக்காமல் புது வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள் தனியாக எடுக்கும் பாலிசியில் அவற்றுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் போடுவார்கள், அதுவரை அவற்றுக்கான செலவு கிடைக்காது. அதனால் அந்த பாலிசியை, வேலையை விடுகிற எண்ணம் வந்த வருடமே எடுத்துவிடச் சொல்கிறேன்.