கிராபிக்ஸ் கார்டு வாங்குவதற்கு முன் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கேம் திக்கித் திக்கி ஓடினால் பழி முதலில் விழுவது கிராபிக்ஸ் கார்டின் மேல். அடுத்து பிராசஸர் மேல். சர்வீசுக்கு வரும் கணினிகளில் பல நேரம் இந்த இரண்டுமே நன்றாக இருக்கும். ரேம் தப்பான ஸ்லாட்டில் செருகியிருக்கும். விநாடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் நின்றுகொண்டிருக்கும். கூலருக்கு அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருக்கும். இதையெல்லாம் விட்டுவிட்டுப் புது கார்டை மாட்டினால், பழைய கார்டுக்கு என்ன நடந்ததோ அதேதான் புதியதற்கும் நடக்கும்.

முதல் வேலை அளப்பது. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளும் அதோடு வரும் ரிவாடியூனரும் போதும், இரண்டும் இலவசம். ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாடு, ஜிபியு வெப்பம், சிபியு (பிராசஸர்) வெப்பம், விரேம் (கார்டின் சொந்த நினைவகம்), ஃப்ரேம் டைம் (ஒரு படத்துக்கு ஆகும் நேரம்) ஆகிய ஐந்தும் திரை மூலையில் தெரியும்படி வையுங்கள். கேமில் படங்களின் வேகத்தைக் கட்டிவைக்கும் விசிங்க், ஃப்ரேம் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டு, வழக்கமாகத் திக்கும் இடத்திலேயே பத்து நிமிடம் விளையாடுங்கள். ஜிபியு பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டு தன்னால் முடிந்ததை எல்லாம் செய்கிறது என்று அர்த்தம். 60, 70 என்று கிடந்தால் கார்டு வேலைக்காகக் காத்திருக்கிறது. வேலையை அனுப்ப வேண்டிய சிபியுவோ ரேமோ பின்தங்குகிறது. சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) ஏறவில்லையென்றால், எவ்வளவு பெரிய கார்டைப் போட்டாலும் ஏறாது.

சராசரி எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிவிநாடி, 144 என்றால் 6.9. நடுவில் ஒரே ஒரு ஃப்ரேம் 100 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டால் சராசரி பெரிதாக இறங்காது, ஆனால் கை அதை உடனே உணரும். ஃப்ரேம் டைம் கோடு தட்டையாக ஓடுகிறதா, முள் முள்ளாகக் குத்தி நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

முள் வரும் நேரத்தில் விரேம் நிரம்பியிருந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தன் 8 ஜிபி விரேமிலிருந்து அது விநாடிக்கு 272 ஜிபி படிக்கும். விரேமில் இடமில்லாமல் மெயின் ரேமுக்குப் போக வேண்டி வந்தால், கார்டையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐஇ 4.0-வின் எட்டு லேன் வழியாக விநாடிக்குச் சுமார் 16 ஜிபிதான். போர்டு பிசிஐஇ 3.0 என்றால் அதிலும் பாதி. டெக்ஸ்சர் செட்டிங்கை ஒரு படி இறக்கினால் இந்தத் திக்கல் அப்படியே மறைந்துவிடும். ஷேடோவையும் ரெசல்யூஷனையும் தொடவே வேண்டாம்.

மானிட்டர் விஷயம் சின்னது. கேபிள் மதர்போர்டின் எச்டிஎம்ஐ போர்ட்டில் செருகியிருந்தால் கேம் படம் சுற்று வழியில் வருகிறது. கார்டின் போர்ட்டுக்கு மாற்றுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பாருங்கள். கேபிள் மாற்றினாலும் டிரைவர் புதிதாகப் போட்டாலும் இது சத்தமில்லாமல் 60-க்குத் திரும்பியிருக்கலாம்.

ரேமில்தான் அதிக வேகம் வீணாகிறது

8 ஜிபி ஸ்டிக் இரண்டும், 16 ஜிபி ஸ்டிக் ஒன்றும் கொள்ளளவில் சமம். ஆனால் ஒற்றை ஸ்டிக் ஒரே சேனலில் ஓடும். இரண்டு இருந்தால் இரண்டு சேனல், போக்குவரத்துக்கு இரண்டு மடங்கு வழி. தனி கார்டு இல்லாமல் பிராசஸரில் உள்ள கிராபிக்ஸை மட்டும் நம்பி விளையாடுபவர்களுக்கு இதுதான் உயிர்நாடி, ஏனென்றால் அந்தக் கிராபிக்ஸுக்கு விரேமும் இதே ரேம்தான்.

இரண்டு ஸ்டிக் இருந்தும் ஒற்றைச் சேனலில் ஓடும் கணினிகள் நிறைய. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டையும் செருகிவிடுவார்கள். பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்தான் சரி. போர்டின் மேனுவலில் படம் போட்டே காட்டியிருப்பார்கள். செருகும்போது ரேமின் இரு முனையையும் தனித்தனியாக அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் கிளிப் இருக்கிற போர்டுகளில் கிளிப் இல்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலே கணினி ஆன் ஆகாது.

அடுத்தது வேகம். டப்பாவில் 6000 என்று அச்சடித்த டிடிஆர்5 ரேம், மாட்டியவுடன் பெரும்பாலும் 4800-இல்தான் ஓடும். 3200 என்று விற்கும் டிடிஆர்4 ரேம் 2133 அல்லது 2666-இல் நிற்கும். பயாஸில் (கணினி ஆன் ஆகும்போதே திறக்கும் போர்டின் செட்டிங்ஸ்) நுழைந்து இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி, ஏஎம்டி-யின் ஏஎம்5 போர்டில் எக்ஸ்போ என்பதை ஆன் செய்தால்தான் சொன்ன வேகம் வரும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தில் வேகம் தெரியும். சிபியு-இசட் மென்பொருளில் 1600 என்று பார்த்துவிட்டுப் பதற வேண்டாம், அது பாதி எண்ணைக் காட்டும். 1600 என்றால் 3200.

டிடிஆர்5-இல் எக்ஸ்போ ஆன் செய்து சேமித்தவுடன் திரை கருப்பாகிச் சில நிமிடம் அப்படியே இருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. கெட்டுப்போய்விட்டது என்று பயந்து பவரைப் பிடுங்குபவர்கள்தான் அதிகம், பிடுங்கினால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து. பத்து நிமிடம் பொறுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் சிமாஸ் கிளியர் செய்து (பயாஸ் செட்டிங்ஸை அழித்து) ஒரு படி குறைந்த வேகத்தில் போடுங்கள். வந்த பிறகு ஓர் இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். நிலையில்லாத ரேம் கேமை மட்டும் கெடுப்பதில்லை, நீங்கள் சேமிக்கும் கோப்புகளையும் சொல்லாமல் கெடுக்கும்.

நான்கு ஸ்லாட்டையும் நிரப்பும் ஆசையும் டிடிஆர்5-இல் ஆபத்து. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200, நான்குக்கு 3600. 32 ஜிபி வேண்டுமென்றால் 16-ஆக இரண்டு வாங்குங்கள்.

வெப்பம்

எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் போட்டு, வெப்பத்தோடு கிளாக் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். 95 டிகிரி என்ற எண் மட்டும் எதையும் சொல்லாது. ரைசன் 7000-இன் எக்ஸ் மாடல்கள் முழுச் சுமையில் 95 வரை போகும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. வெப்பம் ஏறி, அதே நேரம் கிளாக் சரிந்தால்தான் கூலிங் போதவில்லை.

பேஸ்ட் மாற்றுபவர்கள் ஏஎம்டி-யின் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்திருக்கும், பூட்டியிருந்தும் பிராசஸர் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து கூலரோடு வரும், அடியில் உள்ள பின்கள் வளையும். முதலில் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடேற்றுங்கள். அணைத்துவிட்டு, ஸ்க்ரூ கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். பிடி விட்டது கைக்குத் தெரியும், அப்புறம் தூக்குங்கள். புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். புதுக் கூலர் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தோமா என்று ஒரு முறைக்கு இரு முறை பாருங்கள். தூசு ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் போகும்.

லேப்டாப்பில் இன்னொரு கண்ணி உண்டு. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் ஜிபியு என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வெவ்வேறு மாடல்கள் இருக்கின்றன. வாங்கும் முன் ஸ்பெக் தாளில் டிஜிபி (ஜிபியுவுக்குக் கிடைக்கும் வாட்) என்ற எண்ணைத் தேடுங்கள். அதை எழுதாமல் மறைக்கும் மாடலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பவர் சப்ளை: இங்கே மட்டும் அலட்சியம் கூடாது

மற்றதெல்லாம் பெரும்பாலும் வேகக் குறைவோடு முடியும். பவர் கேபிளில் தப்பு செய்தால் பொருள் எரியும்.

கேபிள் கழற்றக்கூடிய மாடுலர் பவர் சப்ளையின் கேபிள்களை வேறொரு பவர் சப்ளையில் செருகவே செருகாதீர்கள். எஸ்எஸ்டி பக்கம் உள்ள முனை எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஆனால் பவர் சப்ளை பக்கம் உள்ள முனைக்குப் பொதுவான விதி எதுவும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறும். முனை கச்சிதமாக உள்ளே போகும், 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வரும், ஸ்விட்சைத் தட்டிய நொடியில் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்கும் சேர்ந்து போகும். பவர் சப்ளையை மாற்றினால் கேபிள்களையும் அதோடு முழுவதுமாக மாற்றுங்கள்.

பிசிஐஇ ஸ்லாட் 75 வாட் தரும், 6 பின் முனை 75, 8 பின் முனை 150. இரண்டு 8 பின் கேட்கும் கார்டுக்கு, ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைத் தலையைச் செருகாமல் இரண்டு தனிக் கேபிள் கொடுங்கள். கேம் நடுவே நீலத் திரைகூட வராமல் படக்கென்று கணினி அணைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

புதிய பெரிய கார்டுகளில் வரும் 16 பின் முனை 600 வாட் வரை கடத்தும். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர், அதைக் கொண்டுவரும் ஆறு பின்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 8 ஆம்பியருக்கு மேல். ஒரு பின் சரியாகத் தொடவில்லையென்றால் அதன் பங்கையும் மற்றவை சுமக்கும், பிளாஸ்டிக் உருகும். 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த கொஞ்ச நாளிலேயே உருகிய முனைகளின் படங்கள் வரத் தொடங்கின. பின்னர் வந்த 12வி-2எக்ஸ்6 வடிவத்தில், கேபிள் செருகியதைக் கார்டுக்குச் சொல்லும் சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள். முழுவதும் செருகாத கேபிளில் கார்டு முழு மின்சாரம் இழுக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. எந்த வடிவமானாலும், டார்ச் அடித்துப் பார்த்து முனைக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி தெரியாத வரை அழுத்துங்கள். முனையிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் கேபிளை மடக்காதீர்கள்.

பொய் சொல்லும் எரர்

அன்ரியல் எஞ்சின் கேம்களில் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் நேரத்தில் 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று வந்து கேம் மூடிக்கொண்டால், விரேம் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ7, ஐ9 உள்ளவர்கள் இந்த எரரைக் கண்டு கார்டு மாற்றிவிடாதீர்கள். பிராசஸர் தனக்கே அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டுக் காலப்போக்கில் தேய்ந்துபோகும் கோளாறை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டு முதல் பயாஸ் அப்டேட் வழியாக மைக்ரோகோடு திருத்தங்கள் வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. பயாஸில் கிளாக் வேகத்தைத் தீர்மானிக்கும் பெர்ஃபார்மன்ஸ் கோர் மல்டிபிளையரை இரண்டு மூன்று படி குறைத்துவிட்டு அதே கேமை ஓட்டுங்கள். எரர் நின்றுவிட்டால் பழுது பிராசஸரில். பயாஸ் அப்டேட் இனிமேல் தேயாமல் தடுக்கும், தேய்ந்ததைச் சரிசெய்யாது. தேய்ந்த பிராசஸருக்கு வாரண்டிதான் வழி.

விண்டோஸ் 11-க்குப் புதுக் கணினி தேவையா?

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. 'உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியற்றது' என்ற வரியைப் பார்த்து நல்ல கணினிகளை ஓரம் கட்டுகிறார்கள். இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 முதல் உள்ள டெஸ்க்டாப் என்றால், பெரும்பாலும் விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 பிராசஸருக்குள்ளேயே இருக்கும், பயாஸில் அணைந்திருக்கும், அவ்வளவுதான். இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டி-யில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள்.

அடுத்த தடங்கல் செக்யூர் பூட், அதாவது கணினி ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் வசதி. அதற்குப் பயாஸில் பழைய பூட் முறையான சிஎஸ்எம்-ஐ அணைக்க வேண்டும். டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருந்தால், பயாஸில் சிஎஸ்எம்-ஐ அணைத்த மறு நிமிடம் விண்டோஸ் காணாமல் போகும். டிஸ்க் போய்விட்டதாக எண்ண வேண்டாம். சிஎஸ்எம்-ஐ மறுபடி ஆன் செய்தால் வந்துவிடும். முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்கில் நகல் எடுத்துவிட்டு, டிஸ்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும், விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையை முதலில் சரிபார்க்கும் நிலையில் ஓட்டுங்கள், தேறினால் மாற்றும் நிலையில் ஓட்டுங்கள். அதன்பின் சிஎஸ்எம்-ஐ அணையுங்கள். வேலரண்ட் கேம் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கும். பேட்டில்ஃபீல்டு 6 செக்யூர் பூட் இல்லாமல் திறக்காது.

பயாஸைத் தொடும் முன், டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரிகவரி கீ கையில் இருக்கிறதா பாருங்கள். டிபிஎம் அமைப்பு மாறினால் அடுத்த முறை ஆன் செய்யும்போது விண்டோஸ் அதைக் கேட்கும், கீ இல்லையென்றால் டிஸ்கில் உள்ளதை எந்த டெக்னீசியனாலும் எடுக்க முடியாது. ஹோம் எடிஷனில் பிட்லாக்கர் என்ற பெயரே கண்ணில் படாமல் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்று ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் தானாகவே ஆன் ஆகும். கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

பிராசஸர் நிஜமாகவே பழையது என்றால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்ட 2018-இல் வால்வ் வெளியிட்ட புரோட்டான், பின்னர் 2022-இல் வந்த கையடக்கக் கேமிங் கணினி ஸ்டீம் டெக், இரண்டும் சேர்ந்து லினக்ஸ் கேமிங்கை வேறு இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டன. ஒற்றை ஆளாக விளையாடும் கேம்களுக்கு அதைத் தயங்காமல் சொல்வேன். வேலரண்ட், ஃபோர்ட்நைட் ஆடுபவர்களுக்குச் சொல்ல மாட்டேன். அவற்றின் ஆன்டிசீட் (ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்) லினக்ஸில் ஓடாது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் இறுதியில் நிறுத்திவிட்டார்கள். நிறுவும்போது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்கில் உள்ள ஸ்டீம் லைப்ரரியை அப்படியே லினக்ஸில் சேர்க்காதீர்கள், புரோட்டான் அதில் அடிக்கடி இடறும். லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் தனிப் பகுதி ஒதுக்கிக் கேமை அங்கே இறக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஜிபியு 97 சதவீதத்திலேயே நின்றால், கார்டு வாங்க வேண்டியதுதான். ஆர்டர் போடும் முன் கேபினெட்டின் பின் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரை டேப் வைத்து அளந்து, கார்டின் நீளத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கம் ரேடியேட்டர் இருந்தால் அதன் தடிமனையும் கழித்துக்கொள்ள வேண்டும்.