தேக்கு நட்டிருக்கிறீர்களா? முதலில் ஒரு டேப் வாங்குங்கள்

மரம் நட்ட விவசாயிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், என் தேக்கு இன்னைக்கு என்ன விலை போகும்?" நான் திருப்பிக் கேட்பது: "போன வருஷத்தைவிட இந்த வருஷம் எவ்வளவு பருத்திருக்கு?" இதற்குப் பதில் கிடைப்பது அபூர்வம். நெல்லில் மூட்டைக் கணக்கு சொல்பவர், மாட்டில் லிட்டர் கணக்கு சொல்பவர், பதினைந்து வருடம் வளர்த்த மரத்தில் மட்டும் ஆள் உயரத்துக்குக் கையைக் காட்டி "நல்லா வந்திருக்கு" என்கிறார்.

அளக்காதவரிடம் எந்த எண்ணையும் விற்றுவிடலாம். 1990களில் "தேக்கில் பணம் போடுங்கள், இருபது வருடத்தில் லட்சங்கள்" என்று பத்திரிகை முழுக்க விளம்பரம் வந்ததை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பலருடைய பணம் திரும்பவே இல்லை. இப்படிப்பட்ட கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கென்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 1999இல் தனி விதிமுறைகளே கொண்டுவந்தது. அந்த நிறுவனங்கள் போய்விட்டாலும் அந்தக் கணக்கு போகவில்லை. இன்று நாற்றுப் பண்ணைத் துண்டுப்பிரசுரத்திலும் யூடியூப் காணொளியிலும் அதே கணக்கு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது.

அதில் நான் அடிக்கடி பார்க்கும் தந்திரம் ஒன்று உண்டு. வரப்போரத்திலோ வாய்க்கால் கரையிலோ நிற்கும் ஒரு மரத்தைக் காட்டுவார்கள். உண்மையிலேயே பருத்த மரம்தான், பொய் இல்லை. அந்த ஒரு மரத்தின் கன அடியை ஆயிரத்தால் பெருக்கி "ஒரு ஏக்கருக்கு இவ்வளவு" என்பதுதான் பொய். வரப்போர மரத்துக்குப் பக்கவாட்டு வெயில் உண்டு, பாசனத் தண்ணீர் உண்டு, வேருக்குப் போட்டி பாதிதான். தஞ்சாவூர்ப் பக்கம் வாய்க்கால் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்கு நன்றாக வந்ததற்கு வண்டல் மண்ணோடு இந்த வசதிகளும் காரணம். அதே மரத்தை இரண்டு மீட்டர் இடைவெளியில் தோப்பாக நட்டால், நடுவரிசையில் நிற்கும் மரத்துக்கு இதெல்லாம் கிடைக்காது.

சரி, உண்மையான வளர்ச்சி எவ்வளவு? இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்ட காலம் நீளமானது. மலபார் கலெக்டர் கானலி, சாத்து மேனன் என்பவரைக் கொண்டு 1840களில், இன்றைய கேரளாவில் இருக்கும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். கப்பல் கட்டும் மரம் காட்டில் தீர்ந்துகொண்டே வந்தது, அதுதான் காரணம். அப்புறம் பல இடங்களில் தோட்டங்கள் வந்தன. அவற்றில் அளப்பதற்கென்றே சிறு பகுதிகளை நிரந்தர மாதிரித் துண்டுகளாக ஒதுக்கி, அதே மரங்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அளந்தார்கள். அளந்தவர் ஓய்வு பெற்றுப் போனால் அடுத்தவர் வந்து அளப்பார். எந்த வயதில் எவ்வளவு மரம் கிடைக்கும் என்று சொல்லும், இந்தியா, பர்மா தேக்குத் தோட்டங்களுக்கான விளைச்சல் அட்டவணை அப்படிச் சேர்ந்த அளவுகளிலிருந்து 1940இல் வந்தது. சுவாரசியமே இல்லாத வேலை. ஆனால் மரம் வளர்ப்பில் நம்பத்தக்க எண் என்று ஏதாவது இருந்தால் அது இப்படிப்பட்ட துண்டுகளிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அந்த எண்கள் நிதானமானவை. நம் நாட்டுத் தேக்குத் தோட்டம் ஒன்று வருடத்துக்கு ஹெக்டேருக்குச் சராசரியாகப் பத்து கன மீட்டரைத் தொட்டாலே அது நல்ல நிலம், நல்ல பராமரிப்பு. பெரும்பாலானவை அதற்கு வெகு கீழேதான். கேரள அரசுத் தோட்டங்களில் முற்றிய மரத்துக்காக ஐம்பது, அறுபது ஆண்டுகள் காத்திருக்கும் வழக்கமும் சும்மா வந்ததல்ல. இளம் தேக்கை அறுத்தால் வெள்ளைப்பகுதி அதிகம். வைரம் பாய்ந்த பகுதிதான் கறையானையும் ஈரத்தையும் தாங்கும், விலையும் அதற்குத்தான்.

எப்போது வெட்டலாம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு எண்களைச் சொல்வேன். ஒன்று, இந்த ஒரு வருடத்தில் தோப்பு எவ்வளவு கூடியது. இன்னொன்று, நட்ட நாளிலிருந்து வருடச் சராசரி எவ்வளவு. உதாரணத்துக்கு, பத்தாம் வருடம் 60 கன மீட்டர், பதினோராம் வருடம் 70 என்று வையுங்கள். இந்த வருட வளர்ச்சி 10, சராசரி 6.4. இந்த வருடம் சராசரியைவிட மேலே இருக்கிறது, அதாவது சராசரி இன்னும் ஏறும். வெட்டுவது நஷ்டம். அதே தோப்பு இருபத்தைந்தாம் வருடம் 190, அடுத்த வருடம் 196 என்றால் இந்த வருடம் 6, சராசரி 7.5. இப்போது சராசரி இறங்கத் தொடங்கிவிட்டது. இந்த இரண்டு எண்களும் சமமாகும் வயதுதான் அளவில் அதிக மகசூல் தரும் வயது. விறகுக்கும் காகிதக்கூழுக்கும் வளர்ப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். தேக்கில் அதற்குப் பிறகும் பொறுத்தால் பலன் உண்டு. பருமன் கூடக்கூடக் கன அடி விலையே மாறும்.

இதில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் நெருக்கம் கலைப்பது. இரண்டுக்கு இரண்டு மீட்டரில் நட்டால் ஏக்கருக்கு ஆயிரம் மரம். நான்கு, ஐந்து வயதில் மூலைவிட்டமாக ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுத்துவிட வேண்டும். எட்டு முதல் பத்து வயதில் இன்னொரு முறை, இம்முறை வளைந்ததும் நோஞ்சானுமாகப் பார்த்து. இருபது வயதில் ஏக்கருக்கு இருநூறுக்கும் கீழே நிற்பதுதான் முறை. சொன்னால் முகம் சுருங்கிவிடும். "வளர்ந்த மரத்தை எப்படி சார் வெட்டச் சொல்றீங்க?" கீரைப் பாத்தியைக் கலைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கே தெரியும், மரம் என்றதும் மனசு வருவதில்லை. உயரம் பெரும்பாலும் மண்ணைப் பொறுத்தது, நெருக்கத்தால் அது பெரிதாக மாறாது. பருமன் மட்டும் இடத்தைப் பொறுத்தது. அதனால் கலைக்காத தோப்பு தூரத்திலிருந்து உயரமாக, அழகாகத் தெரியும். உள்ளே போனால் எல்லாம் சாரத்துக்குக் கட்டும் கழி.

அளக்கும் முறை எளிது. ஓரத்து இரண்டு வரிசைகளை விட்டுவிட்டு உள்ளே முப்பது மரங்களைத் தேர்ந்தெடுங்கள். நல்லதாகப் பொறுக்காதீர்கள், வரிசையில் வருகிறபடி எடுங்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் பெயிண்டால் ஒரு வளையம், மரத்துக்கு ஓர் எண். சரிவான நிலமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பாருங்கள். வருடா வருடம் அதே மாதத்தில், அதே வளையத்தில் சுற்றளவை எடுத்து நோட்டில் எழுதுங்கள். தையற்காரர் டேப்பே போதும். வருடத்துக்கு மூன்று, நான்கு சென்டிமீட்டர் கூடிக்கொண்டிருந்த மரங்கள் ஒன்றுக்கு இறங்கினால், உரக்கடைக்கு ஓடுவதற்கு முன் நெருக்கத்தைப் பாருங்கள்.

அளவு தெரிந்தவரிடம் வியாபாரி பேசும் விதமே வேறு. மரச்சந்தையில் கட்டையின் நடுச் சுற்றளவைக் கயிற்றால் எடுத்து, நாலாக மடித்து, அதன் வர்க்கத்தை நீளத்தால் பெருக்குவார்கள். 36 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளக் கட்டை இந்தக் கணக்கில் சுமார் 5.6 கன அடி. அந்த உருளையின் உண்மையான கன அளவு 7.2 கன அடிக்குச் சற்றுக் குறைவு. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராது. இது ஏமாற்று வேலை இல்லை. உருண்டையைச் சதுரமாக அறுக்கும்போது போகும் சிராய்க்காக வந்த பழைய வழக்கம். ஆனால் விலை எந்தக் கணக்குக்கு என்று தெரியாமல் "கன அடி இவ்வளவு" என்று தலையாட்டினால், பட்டைக்கு ஒரு கழிவு, சேதாரத்துக்கு ஒரு கழிவு என்று மறுபடியும் குறைப்பார்கள். ஏற்கெனவே ஒரு கழிவு உள்ளேயே இருக்கிறது என்று அங்கே சொல்ல வேண்டும்.

சவுக்குக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று, நான்கு வருடத்தில் வெட்டி, வேரைத் தோண்டி, செத்தையையும் வாரி விற்றுவிட்டு, அதே மண்ணில் உடனே அடுத்த நடவு. காற்றிலுள்ள நைட்ரஜனைச் சவுக்கு வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர் பிடித்துக் கொடுக்கும், சரிதான். பொட்டாஷையும் சுண்ணாம்பையும் யார் கொடுப்பார்கள்? செத்தையையாவது வயலிலேயே விடுங்கள். மூன்றாவது நடவில் மகசூல் குறைந்தபின் கன்றின் ரகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

காட்டிலும் இதே கணக்குதான், அளவு மட்டும் பெரிது. வளர்ந்ததற்கு மேல் வெட்டாதே என்பதற்குத்தான் வனத்துறையில் செயல்திட்டம் எழுதுகிறார்கள். நீலகிரி மாவட்டக் கூடலூர்ப் பகுதி மரவெட்டு பற்றி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், மத்திய அரசு ஒப்புதல் அளித்த செயல்திட்டம் இல்லாமல் காட்டில் மரம் வெட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று உத்தரவிட்டது. எத்தனை கன மீட்டர் வளர்கிறது என்று தெரியாமல் அந்தத் திட்டத்தில் எத்தனை வெட்டலாம் என்று எழுத முடியாது.

பட்டா நிலத் தேக்குக்கும் காகிதம் உண்டு. நட்ட வருடமே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி அடங்கலில் ஏற்றிவிடுங்கள். வெட்டுவதற்கும் லாரியில் ஏற்றுவதற்கும் இப்போது என்ன அனுமதி வேண்டும் என்பதை, முன்பணம் வாங்குவதற்கு முன் வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்று வியாபாரி சொன்னால், அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள்.