பொறுப்பதா, மாற்றுவதா என்று கேட்பதற்கு முன் கேசிங்கைத் திறந்து பாருங்கள்

பழுதுபார்க்கும் என் மேசைக்கு முன்னால் கணினியைக் கொண்டுவந்து வைப்பவர்களில் பலர் பழுதைப் பற்றிக் கேட்பதில்லை. "தம்பி, இப்ப மாத்திறதோ, இல்லாட்டிக் கொஞ்சம் பொறுக்கிறதோ?" என்றுதான் கேட்கிறார்கள். அடுத்த மாதம் விலை இறங்குமா, கணினியின் மூளையான புறொசசர் புதிதாக வருகிறதா, டொலர் எங்கே போகும் என்று நான் சாத்திரம் சொல்ல வேண்டும் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. அந்தச் சாத்திரம் சொல்வதை நான் 2022 ஆம் ஆண்டு நிறுத்திவிட்டேன்.

அந்த ஆண்டு பெப்ரவரியில், இணையவழியில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஒரு ரீச்சர் புதிய மேசைக்கணினி ஒன்றுக்கு விலை கேட்டு வந்தார். இன்டெல் நிறுவனத்தின் 12 ஆம் தலைமுறைப் புறொசசர் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. அதற்குரிய மதர்போர்ட்கள், அதாவது பாகங்களெல்லாம் பொருந்தும் பலகைகள், விலை கூடியிருந்தன. மூன்று மாதம் பொறுத்தால் மலிந்துவிடும் என்று நான் அவருக்குச் சொன்னேன். தொழில்முறையில் அது பிழையான கணிப்பல்ல, வேறு நாடுகளில் அப்படித்தான் நடந்தது. ஆனால் மார்ச் 7 அன்று இலங்கை மத்திய வங்கி ரூபாவை அதன் போக்கில் விட்டது. இருநூறு ரூபாவையொட்டிப் பிடித்து வைக்கப்பட்டிருந்த டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டிப் போயிற்று. இடையில், மார்ச் இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டும் வந்தது. திரும்பி வந்த ரீச்சர் புதிய விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, "நீங்கள் சொன்னபடியால்தானே தம்பி நான் பொறுத்தனான்" என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அதன்பின் சந்தையைப் பற்றிய கேள்விக்கு நான் சந்தையை வைத்துப் பதில் சொல்வதில்லை. இந்தக் கணினியில் என்ன வேலை செய்கிறீர்கள், அது எந்த இடத்தில் தடைப்படுகிறது, அந்த வேலை எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டுவிட்டு, இரண்டாவது கேள்விக்கு விடை தெரியும்வரை மற்றவற்றைப் பேச மறுத்துவிடுகிறேன்.

பெரும்பாலானோருக்கு இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாது. "சிலோ" என்பார்கள். தட்டச்சும் போட்டோப் பிரதியும் செய்யும் ஒரு கடைக்காரர், 6 ஆம் தலைமுறை ஐ5 புறொசசரும் 8 ஜிபி ராமும் (வேலை நினைவகமும்) உள்ள கணினியை வைத்துக்கொண்டு, அடுத்த தலைமுறை வரட்டும் என்று ஒன்றரை வருடம் பொறுத்திருந்தார். காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, பக்கத்துக் கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்தான் திரை தயாராக இருக்கும் என்றார். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மனேஜரில் பார்த்தபோது, புறொசசர் பதினைந்து வீதத்தில் சும்மா இருந்தது. ராமில் பாதி வெறுமையாக இருந்தது. டிஸ்க் மட்டும் நூறு வீதத்தில் நின்றது. அவருடைய கணினியில் இருந்தது சுழலும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் தட்டில், ஒவ்வொரு சிறு கோப்புக்கும் வாசிப்பு முனை இடம் மாறி நிற்பதற்கு ஏறத்தாழ பத்து மில்லிசெக்கன் எடுக்கும். ஆகவே செக்கனுக்கு நூறு இடங்கள் அளவில்தான் அதனால் போய்வர முடியும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைக் கேட்கிறது. அசையும் பாகமே இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் மலிவான எஸ்எஸ்டிகூட அதே வேலையைச் செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். ஒரு எஸ்எஸ்டியைப் பொருத்தி, பழைய டிஸ்க்கில் இருந்ததை அப்படியே பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒன்றரை வருடமாகக் காத்திருந்தது புறொசசருக்கு; அவருக்குத் தேவைப்பட்டதோ ஒரு பிற்பகலில் முடிகிற வேலை.

இன்னொரு வகைத் தாமதம் எங்கள் மண்ணோடும் காற்றோடும் வருவது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண் பகுதிகளிலிருந்து வரும் கணினிகளில், சோளகக் காற்றுக் காலம் முடிந்த கையோடு கேசிங்கைத் திறந்தால், புறொசசரின் விசிறிக்குக் கீழே வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகளுக்கிடையே சிவப்பாக ஒரு படை பிடித்திருக்கும். காற்றுப் போகாமல் புறொசசர் நூறு பாகையை அண்மித்ததும், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். காலையில் நன்றாக ஓடி மத்தியானத்தில் இழுபடும் கணினி என்றால் நான் முதலில் தேடுவது இந்தத் தூசியையும், காய்ந்து பொடியான வெப்பப் பசையையும்தான். குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கணினிகளில் தூசி குறைவு. அங்கே உப்புக் காற்று இணைப்பிகளைப் பச்சை பிடிக்க வைத்திருக்கும். ராமைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிக்கூட அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் போட்டதும் உயிர்த்த கணினிகள் பல. வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்துவிட்டுக் கூலி கேட்பதற்குத்தான் கூச்சமாக இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் கணினி போதாது என்றால்தான் மாற்றுவதா பொறுப்பதா என்பது உண்மையான கேள்வியாகிறது. அதில் நாள் குறித்த விடயம் இப்போதைக்கு ஒன்றே ஒன்று: விண்டோஸ் 10. அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன் நிபந்தனைகள், இன்டெலில் பொதுவாக 8 ஆம் தலைமுறையிலிருந்தும் மற்றைய புறொசசர் நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும் தொடங்குகின்றன, ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறும் வேண்டும். இதைக் காட்டிப் புதிய கணினி விற்கும் பேச்சு நிறைய நடக்கிறது. 8 ஆம், 9 ஆம் தலைமுறைக் கணினிகளைக்கூட "உங்கட மெஷினில ரிபிஎம் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது அங்கே இருக்கும், விண்டோஸுக்கு முன் ஓடும் அமைப்புப் பகுதியான பயோஸில் அணைக்கப்பட்டிருக்கும். இன்டெல் மதர்போர்டில் அதைப் பிரிரி என்றும், ஏஎம்டியில் எஃப்ரிபிஎம் என்றும் பெயரிட்டிருப்பார்கள். தேடி இயக்கிவிட்டால் போதும்.

உண்மையாகவே பட்டியலுக்கு வெளியே நிற்கும் 6 ஆம், 7 ஆம் தலைமுறைக் கணினிகளுக்கு, 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் தரும் நீடிப்புத் திட்டமொன்றை மைக்ரோசொப்ட் வைத்திருக்கிறது. விண்டோஸ் 10 இன் 22எச்2 பதிப்பில், மைக்ரோசொப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளை அதனுடன் ஒத்திசைத்தால் அதற்குக் கட்டணம் இல்லை. நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 ஐ ஏற்றித் தருபவர்களும் ஊரில் இருக்கிறார்கள். எனக்கும் அந்த வழி தெரியும். ஆனால் அவ்வாறான கணினிகளுக்குப் புதுப்பிப்பு வரும் என்பதற்கு மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை என்பதால், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி எதற்கும் நான் அதைச் செய்து கொடுப்பதில்லை.

அடுத்தது ராம். 2025 இன் பிற்பகுதியிலிருந்து அதன் விலை ஏறியதற்கு இங்குள்ள கடைக்காரர் காரணமல்ல. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் கேட்கும் அதிவேக நினைவகத்தில் இலாபம் கூட என்பதால், தொழிற்சாலைகள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன. பொதுப் பாவனையாளர்களுக்குக் குறூஷல் என்ற பெயரில் ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரோன், 2025 டிசம்பரில் அந்த வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில், புதிய வகையான டிடிஆர்5 ராமை மட்டும் ஏற்கும் புதிய மதர்போர்டுக்கு மாறுவது, புறொசசரின் விலையோடு ராமின் விலையையும் சேர்த்துத் தலையில் ஏற்றுவதாகும். ஆகவே உங்களிடம் ஏற்கனவே அதற்கு முந்திய வகையான டிடிஆர்4 ராம் இருந்தால் அதை இழக்காமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று முதலில் பார்ப்பது நல்லது. புறொசசர் பொருந்தும் இடமான சொக்கெட் ஏஎம்டியின் ஏஎம்4 ஆக உள்ள போர்ட் வைத்திருப்பவர்கள் இதில் கொடுத்து வைத்தவர்கள். 2017 இல் முதல் ரைசனோடு வாங்கிய போர்டுகளில் பலவற்றிலும், பயோஸைப் புதுப்பித்தபின் ரைசன் 5 5600 ஐப் பொருத்தலாம். ராமும் போர்டும் அப்படியே இருக்க, விண்டோஸ் 11 இன் தடையும் நீங்கிவிடும். இன்டெலில் அந்த வசதி குறைவு. 6 ஆம், 7 ஆம் தலைமுறைக்கும் 8 ஆம், 9 ஆம் தலைமுறைக்கும் சொக்கெட்டின் பெயர் 1151 என்று ஒன்றாகவே இருந்தாலும், பழைய போர்ட் புதிய புறொசசரை ஏற்காது. பெயரை நம்பிக் கொழும்பிலிருந்து புறொசசரைத் தருவித்துவிட்டு என்னிடம் வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்வதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. இன்னும் பழைய டிடிஆர்3 ராம் உள்ள கணினிக்கு மட்டும் புதிதாக எதையும் வாங்கிப் போடாதீர்கள். எஸ்எஸ்டி விதிவிலக்கு, ஏனென்றால் அதைக் கழற்றி அடுத்த கணினிக்குக் கொண்டுபோகலாம்.

பொறுக்கவே கூடாதவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் ஒரு தம்பி, படங்களைக் கையாளும் கிராபிக்ஸ் கார்ட் விலை இறங்கட்டும் என்று 2021 இலிருந்து காத்திருந்தார். எதீரியம் என்ற மின்னணு நாணயத்தைக் கணினியால் கணக்கிட்டுத் "தோண்டுவோர்" கார்டுகளை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. பொறுத்ததில் அப்போது நியாயம் இருந்தது. 2022 செப்டெம்பர் 15 அன்று எதீரியம் முறை மாறித் தோண்டும் வேலை நின்றது, விலையும் இறங்கியது. அவர் வாங்கவில்லை; அதற்குள் அடுத்த தலைமுறைக் கார்ட் பற்றிய பேச்சு தொடங்கியிருந்தது. இதற்கிடையில் கமராவை 4கே தரத்துக்கு மாற்றியிருந்ததால், அவருடைய 4 ஆம் தலைமுறை ஐ7 தொகுத்த படத்தை இரவிரவாக ஒரே கோப்பாக வெளியேற்றிக்கொண்டிருக்க, விடியற்காலையில் ஒரு மின்வெட்டு வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அவசர வேலைகளை வேறொரு ஸ்ரூடியோவுக்குக் கூலிக்குக் கொடுத்தார். அந்தக் கூலியை மட்டும் ஒரு சீஆர் கொப்பியில் மாதவாரியாக எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். ஒரு வருடக் கூட்டுத்தொகை, அவர் விலை கூட என்று விட்ட கணினியின் விலையைத் தாண்டியிருந்தது. கணினியால் உழைப்பவருக்குச் சந்தை விலையைவிட இந்தக் கொப்பிதான் முக்கியம்.

எங்கள் ஊருக்கே உரிய காத்திருப்பு ஒன்றும் உண்டு: நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வரும் சித்தப்பா கொண்டுவருவார் என்பது. எஸ்எஸ்டி, ராம் போன்றவற்றைக் கைப்பையில் கொண்டுவந்தால் நன்மைதான், உத்தரவாதத்துக்கு அங்கேதான் அனுப்ப வேண்டும் என்பது தெரிந்திருந்தால். ஆனால் முழு மேசைக்கணினி வந்தால், மின்சாரத்தில் செருகுவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்பு ஆளி இருக்கும். கனடாவில் அது 115 இல் இருந்திருக்கும். இங்கே எங்கள் மின்சாரம் 230 வோல்ட். சென்ற வருடம் திருவிழாக் காலத்தில் ஒரு வீட்டில், எல்லோரும் சுற்றி நின்று பார்க்கச் செருகியபோது எழுந்த சத்தத்தை அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். பவர் சப்ளையோடு போயிற்று, மதர்போர்ட் தப்பியது.

உயர்தர வகுப்புப் பிள்ளைக்கென்று பாவித்த "ஐ7" வாங்கும் தகப்பன்மாருக்கும் ஒரு சொல். ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பாருங்கள். 3770 என்றால் முதலாம் இலக்கமே தலைமுறை. அது 2012 ஆம் ஆண்டுச் சரக்கு. பத்து ஆண்டு கழித்து வந்த ஐ3-12100 க்கும் அதே நான்கு கோர்களும் (கணக்கிடும் பகுதிகளும்) எட்டுத் திரெட்களும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளும்) தான், ஆனால் வேகம் மிகக் கூட. அலுவலகங்களில் கழித்துவிடப்பட்டு இறக்குமதியாகும் பிராண்ட் கணினிகளில் பலவற்றின் பவர் சப்ளை இணைப்பிகள் அந்த நிறுவனத்துக்கே உரியவை. பின்னர் கிராபிக்ஸ் கார்ட் போட நினைத்தால் கேசிங்கிலிருந்தே தொடங்க வேண்டி வரும்.

பொறுப்பது என்று தீர்மானித்தவர்கள் சும்மா பொறுக்கக் கூடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கோடு பொறுப்பவர்கள், டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் ஸ்மார்ட் அறிக்கையில், பழுதாகி மாற்றிடப்பட்ட செக்டர்களின் (சேமிப்புத் துண்டுகளின்) எண்ணிக்கை ஏறுகிறதா என்று மாதமொருமுறை பார்த்து, கோப்புகளை வேறொரு டிஸ்க்கிலும் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ் இருக்கிறது என்பவர்களிடம் அதன் பற்றரி எந்த வருடத்தது என்று கேட்டால் தெரியாது என்கிறார்கள். அது பொதுவாக இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது, அதன்பின் அந்தப் பெட்டி ஒரு பாரமான மல்ரிபிளக் மட்டுமே. ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் மின்வயரோடு இணைய வயரையும் கழற்ற வேண்டும். மின்வயரை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் மதர்போர்ட்கள், நெட்வேர்க் துவாரத்தின் பக்கம் கருகியபடி, மாரி தொடங்கினால் என் மேசைக்கு வந்துவிடும்.

தட்டச்சுக் கடைக்காரரின் கணினி எஸ்எஸ்டியோடு நன்றாக ஓடுகிறது. இருபது வருடப் பாமினி எழுத்துருக் கோப்புகளுக்கு இரண்டு பிரதிகள் எடுத்தாயிற்று. அந்தக் கணினி 6 ஆம் தலைமுறை என்பதால் நீடிப்புத் திட்டத்திலும் சேர்த்துவிட்டேன். புதியது வாங்குவதா என்று அவர் இப்போதும் கேட்கிறார். கேசிங்கின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, "2026 ஒக்டோபர் 13" என்று தடித்த பேனையால் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.