வால்வின் 'டிக்' சத்தம் மங்கினால்

இதயத்தில் மெட்டல் வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்கு ராத்திரியில் படுக்கும்போது தங்கள் நெஞ்சுக்குள்ளிருந்தே 'டிக், டிக்' என்று கேட்கும். முதல் சில மாதங்கள் தொந்தரவாகத் தெரியும். பிறகு பழகிவிடும். வால்வின் தகடு தடையில்லாமல் மூடுகிறது என்பதற்கு அந்தச் சத்தம்தான் வீட்டிலேயே கிடைக்கும் சாட்சி. வழக்கமாகக் கேட்ட சத்தம் மங்கிப்போனாலோ நின்றுபோனாலோ, அடுத்த மாத செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே எக்கோ (இதய ஸ்கேன்) வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தகட்டின் மேல் ரத்தக்கட்டி உட்கார்ந்திருக்கலாம்.

வால்வு நல்ல வால்வுதானே, அதில் ஏன் ரத்தம் உறைய வேண்டும்? மெட்டல் வால்வு என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், இன்று அதிகம் பொருத்தப்படும் இரட்டைத் தகட்டு வால்வின் தகடுகள் பைரோலிட்டிக் கார்பனால் ஆனவை. இழைத்து மெருகேற்றிய பரப்பு, ரத்தம் எளிதில் ஒட்டாது. பிரச்சினை அந்தப் பரப்பில் இல்லை, மூலைகளில் இருக்கிறது. இரண்டு தகடுகளும் வளையத்தில் குழிந்த சின்னச் சின்னக் கீல்களில் திரும்புகின்றன. வால்வு மூடியிருக்கும்போது, எதிர்ப்பக்க அழுத்தத்தால் கீல் இடுக்கு வழியாகக் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிப் பீச்சும். இந்தக் கசிவு வேண்டுமென்றே வைக்கப்பட்டது, கீலை அலசிவிடுவதற்காக. ஆனால் அதே இடுக்கில் வேகமாகப் பாயும் ரத்தத்தில், உறைதலைத் தொடங்கிவைக்கும் தட்டணுக்கள் உரசித் தூண்டப்படுகின்றன. பக்கத்திலேயே சுழலும் தேங்கிய ரத்தத்தில் அவை கூடி நிற்கின்றன. ஒரு பக்கம் அளவுக்கு மீறிய வேகம், இன்னொரு பக்கம் தேக்கம். ரத்தம் உறைய இதைவிட வசதியான இடம் வேண்டாம்.

கீலின் வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதை 1990களில் வந்த மெட்ரானிக் பேரலல் வால்வு காட்டிக்கொடுத்தது. பெரிய திறப்பு, நல்ல ஓட்டம் என்று கணக்கு போட்டு வடிவமைத்தார்கள். நோயாளிகளிடம் சோதித்தபோது கீல் பகுதியில் ரத்தம் தேங்கி உறைந்தது. அந்த வால்வைக் கைவிட வேண்டியதாயிற்று. நடுவில் ஓடும் ஓட்டத்தை மட்டும் பார்த்து வால்வை எடைபோட முடியாது.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில் உருவான சித்ரா வால்வு ஒற்றைத் தட்டு சாயும் வகை. 1990 டிசம்பரில் முதல்முறையாக மனிதருக்குப் பொருத்தினார்கள். கோபால்ட் குரோமியம் கலவைச் சட்டம், அதில் பிளாஸ்டிக் தட்டு. தட்டு பிளாஸ்டிக் என்பதால் சத்தமும் கொஞ்சம் மென்மை. அதனால் அடுத்தவர் வால்வுச் சத்தத்தோடு ஒப்பிடாதீர்கள், உங்கள் வால்வின் பழைய சத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் ஆபத்து மாறும். பெருந்தமனி வாயிலில் இருக்கும் அயோர்டிக் வால்வை இடது கீழறை முழு பலத்தோடு ரத்தம் தள்ளி அலசுகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வுக்கு அந்த யோகம் இல்லை, அங்கே சில மில்லிமீட்டர் பாதரச அழுத்த வித்தியாசத்தில்தான் ரத்தம் இறங்குகிறது. நம் ஊரில் மைட்ரல் வால்வு மாற்றியவர்களில் நிறையப் பேர் சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்கள். மேலறை வீங்கியிருக்கும், துடிப்பும் ஒழுங்கற்று இருக்கும். தேக்கத்தின் மேல் தேக்கம். எனவே அயோர்டிக் வால்வுக்கு, வேறு ஆபத்துக் காரணம் இல்லாதவர்களுக்கு, ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் சோதனை எண்) 2.5ஐச் சுற்றி 2 முதல் 3 வரை இருந்தால் போதும் என்றால், மைட்ரலுக்கு 3ஐச் சுற்றி 2.5 முதல் 3.5 வரை வைக்கிறோம். உங்கள் இலக்கு எண்ணை டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரரின் எண் உங்களுக்குப் பொருந்தாது.

ரத்தம் உறையாமல் தடுக்க இவர்கள் போடும் மாத்திரை இரண்டு வகை: வார்ஃபரின், அசினோகூமரால். தமிழ்நாட்டில் பலரும் இரண்டாவதை அசிட்ரோம் என்றே சொல்வார்கள். இரண்டும் வைட்டமின் கே கொண்டு கல்லீரல் செய்யும் உறைதல் காரணிகளைக் குறைக்கின்றன. வார்ஃபரின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 40 மணி நேரம், அசினோகூமராலுக்கு 8 முதல் 11 மணி நேரம். ஆகவே அசினோகூமராலை ஒரு நாள் விட்டாலே ஐஎன்ஆர் சீக்கிரம் இறங்கும். மறந்துவிட்டு அன்றிரவே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தால் இரட்டை டோஸ் வேண்டாம், வழக்கமான அளவை மட்டும் போட்டு, விட்ட நாளைக் குறித்து வையுங்கள். மருந்துக் கடையில் 1 மில்லிகிராம், 2 மில்லிகிராம் என்று மாறிப்போவது சாதாரணமாக நடக்கிற தவறு. பெயரோடு சேர்த்து மில்லிகிராமையும் ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள்.

மாத்திரையை நிறுத்திய நாளில் உடம்புக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இதன் சூழ்ச்சி. மூச்சு வாங்காது, வலிக்காது. சிலருக்கு 'நிம்மதியாக இருக்கிறது' என்றுகூடத் தோன்றும். கட்டி நாட்கணக்கில் வளர்ந்து தகட்டைப் பிடித்த பிறகுதான், படுத்தால் மூச்சுத் திணறல், அல்லது ஒரு கை, கால், பேச்சு திடீரென்று போவது என்று தெரியவரும்.

ஐஎன்ஆர் சோதனையில் அடிக்கடி கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு. நீல மூடிக் குழாயில் சிட்ரேட் திரவம் இருக்கும், 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு. 2.7 மில்லிலிட்டர் குறி வரை ரத்தம் நிரம்ப வேண்டும். நரம்பு கிடைக்காமல் பாதிக் குழாயோடு நிறுத்தினால், சிட்ரேட் அதிகமாகி ஐஎன்ஆர் பொய்யாக ஏறிக் காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் வால்வு பாதுகாப்பில்லாமல் போகும். முந்தைய எண்ணோடு பொருந்தாத முடிவு வந்தால், டோஸை மாற்றுவதற்கு முன் அடுத்த குழாயில் மறுபடி பாருங்கள். முடிந்தவரை ஒரே லேப்பில் பார்ப்பது நல்லது. டோஸை மாற்றும்போதும் ஒரேயடியாக மாற்றுவதில்லை. ஒரு வாரத்தின் மொத்த மில்லிகிராமைக் கணக்கெடுத்து 5 முதல் 20 சதவீதம் கூட்டியோ குறைத்தோ, சில நாள் கழித்து மறுபடி பார்ப்போம்.

கீரை விஷயத்தில் பயமுறுத்தல் அதிகம். முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் வைட்டமின் கே மிகுந்தவை, உண்மை. அதற்காக வாழ்நாள் முழுக்கக் கீரையை விலக்கினால், எப்போதாவது ஒரு நாள் சாப்பிட்டாலும் எண் ஆடிவிடும். வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடும் வீடு என்றால், அதே அளவில் தொடர்ந்து சாப்பிடலாம். மாத்திரையின் அளவை சாப்பாட்டுக்குப் பொருத்துவது எங்கள் வேலை. கீரையைவிட மருந்துகள்தான் பெரிய ஆபத்து. வயிற்றுப்போக்குக்கு எழுதும் மெட்ரோனிடசோல், பூஞ்சைக்கான ஃபுளூகோனசோல், கோட்ரைமாக்சசோல் ஆகியவை ஐஎன்ஆரைத் தடதடவென்று ஏற்றும். டிபி மருந்தான ரிஃபாம்பிசின் நேர்மாறு, இறக்கும். காய்ச்சல் வந்து சாப்பிடாமல் இருந்தாலே எண் ஏறும். இந்த மாதிரி சமயத்தில் மூன்று நான்கு நாளில் ஒரு முறை சோதித்துவிடுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வேண்டாம். தசையில் போடும் ஊசியும் வேண்டாம், பெரிய ரத்தக்கட்டு வீங்கும்.

பல் பிடுங்குவதற்காகத் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் பழைய பழக்கம். ஒன்றிரண்டு பல் என்றால், ஐஎன்ஆர் உரிய அளவுக்குள் இருந்தால், ரத்தக்கசிவை நிறுத்தும் டிரானெக்சமிக் அமிலம், தையல் கொண்டு அங்கேயே ரத்தத்தை நிறுத்திக்கொள்ளலாம். எண்டோகார்டைட்டிஸ் என்ற இதய உட்சுவர், வால்வுத் தொற்றைத் தவிர்க்க, சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம் கொடுப்பார்கள், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கருத்தரிக்க நினைக்கும் பெண்கள் மாதவிடாய் தள்ளிப்போகும் முன்பே பேச வேண்டும், ஏனென்றால் 6 முதல் 12 வாரம் வரை இந்த மாத்திரை குழந்தையின் உருவாக்கத்தைப் பாதிக்கும், ஊசியாகப் போடும் ஹெப்பாரினுக்கு மாறுவதையும் மாறாததையும் அந்தந்தப் பெண்ணின் டோஸைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

'ரத்தம் சோதிக்க வேண்டாத புதிய மாத்திரை இருக்கிறதாமே' என்று கேட்பார்கள். மெட்டல் வால்வுக்கு அது கிடையாது. அந்த வகையைச் சேர்ந்த டாபிகாட்ரான் மருந்தை மெட்டல் வால்வு நோயாளிகளிடம் சோதித்த ஆய்வில் பக்கவாதமும் ரத்தக்கசிவும் இரண்டும் கூடியதால் அதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். வேறொரு டாக்டர் நல்ல எண்ணத்தில் மாற்றிக்கொடுத்தாலும் மறுத்துவிடலாம்.

கட்டி பிடித்துவிட்டது என்று எக்கோவில் சந்தேகம் வந்தால், ஃபுளோரோஸ்கோபி என்ற நகரும் எக்ஸ்ரேயில் தகடு எத்தனை டிகிரி திறக்கிறது என்று பார்ப்போம். சிறிய கட்டிக்கு ஹெப்பாரினும் மாத்திரையும் போதலாம். தகடு சிக்கி மூச்சுத் திணறினால் உடனடி ஆபரேஷன், அல்லது கட்டியைக் கரைக்கும் மருந்து. கட்டியல்ல, சதை வளர்ந்து தடுத்திருந்தால் அது எந்த மருந்துக்கும் கரையாது, ஆபரேஷன்தான். கரைக்கும் மருந்துகளில் ஸ்ட்ரெப்டோகைனேஸும் ஒன்று. அதை ஒரு முறை ஏற்றியவருக்கு உடம்பில் எதிர்ப்புப் பொருள் உண்டாகிவிடும், திரும்பக் கொடுத்தால் வேலை செய்யாமலும் ஒவ்வாமையோடும் போகலாம். ஆகவே பர்சில் வைக்கும் அட்டையில் வால்வின் பெயர், அளவு, எந்த இடம், பொருத்திய தேதி, கடைசி மூன்று ஐஎன்ஆர் எண்கள், மாத்திரையின் மில்லிகிராம், கடைசியாகப் போட்ட நேரம், ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏற்றியிருந்தால் அதன் தேதி ஆகிய எல்லாம் எழுதியிருக்கட்டும். பேச்சு குழறி ஆஸ்பத்திரிக்கு வருபவரிடம் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது.