படம் பார்த்தாலே புரிஞ்சிடுமா?

மருந்து அட்டை, மெஷின் மேனுவல் இதுல எல்லாம் வர்ற எச்சரிக்கைப் படங்கள டிசைன் பண்றதுதான் என் வேலை. "படிக்கத் தெரியாதவங்களுக்கும் படம் புரியும்ல"னு கிளையன்ட் யாராவது சொன்னா எனக்கு உடனே தாலிடோமைடு ஞாபகம்தான் வரும்.

1957ல ஜெர்மனில விற்பனைக்கு வந்த மாத்திரை அது, கர்ப்பிணிங்க சாப்பிட்டு ஆயிரக்கணக்கான குழந்தைங்க கை கால் சரியா வளராம பிறந்தாங்க, 1961ல அங்க நிறுத்துனாங்க. அப்புறம் தொழுநோயில வர்ற ஒரு சிக்கலுக்கு அதே மருந்து நல்லா கேக்குதுன்னு தெரிஞ்சு பிரேசில்ல குடுத்தாங்க, அட்டைல கர்ப்பிணிப் பெண் படம் போட்டு குறுக்கால ஒரு கோடு. அதைப் பாத்த சில பெண்கள் இது கர்ப்பம் ஆகாம இருக்க குடுக்குற மாத்திரைன்னு நினைச்சு சாப்பிட்டாங்க. அவங்கள குறை சொல்லவே முடியாதுங்க, குறுக்குக் கோடுன்னா "சாப்பிடாதே"ன்னும் படிக்கலாம், "கர்ப்பம் வராது"ன்னும் படிக்கலாம், படத்துல ரெண்டுமே இருக்கு.

ஒரு குறிக்கு அர்த்தம் எப்படி வருதுன்னு குறியியல்னு ஒரு துறை ஆராயுது. சசூர்னு சுவிஸ் மொழியியலாளர், அவர் பாடங்கள் 1916ல புத்தகமா வந்துச்சு, ஒரு சொல்லோட ஒலி வடிவம் வேற அது மனசுல எழுப்புற கருத்து வேற, ரெண்டையும் கட்டி வைக்கிறது பழக்கம்தான்னு சொன்னாரு. அவர் முக்கியமா மொழியப் பத்தித்தான் பேசுனாரு. அமெரிக்காவுல சார்லஸ் பியர்ஸ்னு ஒரு தத்துவவாதி குறிகள மூணா பிரிச்சாரு, பொருள் மாதிரியே இருக்குறது (கர்ப்பிணி உருவம்), பொருளோட நேரடித் தொடர்பு உள்ளது (புகைன்னா நெருப்பு), சும்மா வழக்கத்தால வந்தது (குறுக்குக் கோடு). இந்த மூணாவதுலதான் ஆபத்தே, யாராச்சும் சொல்லிக்குடுத்தாத்தான் புரியும், ஆனா தெரிஞ்சவங்களுக்கு அது பிறந்ததுல இருந்தே தெரிஞ்ச மாதிரி இருக்கும்.

கதிர்வீச்சுக்கு இருக்குற மூணு இதழ் குறியையே எடுத்துக்கோங்க, 1946ல கலிபோர்னியாவுல வரைஞ்சது, இன்னிக்கும் அத பாத்து பயப்படத் தெரியாதவங்க நிறைய பேர். அதனால சர்வதேச அணுசக்தி முகமை புதுசா ஒண்ணு பண்ணுச்சு, சிவப்பு முக்கோணத்துக்குள்ள கதிர் அலை, மண்டையோடு, ஓடுற ஆளு. அத 11 நாட்டுல 1,650 பேர்கிட்ட காட்டி சோதிச்சுட்டுத்தான் 2007ல அறிவிச்சாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த ஓடுற ஆளுதான், என்ன பொருள்னு தெரியலன்னாலும் என்ன பண்ணணும்னு தெரியுது பாருங்க.

படத்துக்குப் பல அர்த்தம் உண்டு, பக்கத்துல வர்ற எழுத்துதான் அத நங்கூரம் மாதிரி ஒரு இடத்துல நிறுத்துதுன்னு ரோலான் பார்த்னு பிரெஞ்சு சிந்தனையாளர் 1964ல எழுதுனாரு. அதனாலதான் ஒரே ஃபோட்டோ வேற வேற தலைப்போட வரும்போது வேற வேற சேதி ஆயிடுது, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி தலைப்ப விரலால மறைச்சுட்டு படத்த மட்டும் ஒருதடவை பாருங்களேன்.

என் வேலைல, படிக்கத் தெரியாதவங்களுக்குப் போற அட்டைன்னா நங்கூரம் போட எழுத்தும் கிடையாது. அதனால படத்த அவங்ககிட்டயே கொண்டு போய்க் காட்டுவேன். "புரியுதா"ன்னு கேக்க மாட்டேன், எல்லாரும் புரியுதுன்னு தலையாட்டிடுவாங்க. "இதப் பாத்துட்டு நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னுதான் கேப்பேன்.