புரொட்யூசர் என்றால் தயாரிப்பாளர் இல்லை

போன மாதம் பெரம்பூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்குப் பத்தொன்பது வயது. ஒன்றரை வருடமாக லேப்டாப்பில் எலக்ட்ரானிக் இசை செய்து பழகுகிறான், நண்பர்கள் வீட்டு விசேஷங்களில் டி.ஜே.வாகவும் நிற்கிறான். ஏதோ ஒரு பயிற்சி வகுப்பின் நோட்டீஸ் மேசையில் கிடந்தது, 'நீங்களும் ஆகலாம் இசைத் தயாரிப்பாளர்' என்று கொட்டை எழுத்தில். அதைப் படித்துவிட்டு எங்கள் அம்மா நிஜமாகவே பயந்துபோனார். "ஏண்டா, படம் எடுக்கப் போறியா? அதுக்கு ஏதுடா அவ்ளோ பணம்?" "படம் இல்ல ஆயா, பாட்டு" என்றான். "அப்போ பாட்டுக்குப் பணம் போடப் போறியா?"

அம்மா மேல் தப்பே இல்லை. சென்னையில் தயாரிப்பாளர் என்றால் ஒரே ஆள்தான். கோடம்பாக்கத்தில் வட்டிக்கு வாங்கி, நடிகருக்கு அட்வான்ஸ் கொடுத்து, படம் ஓடவில்லை என்றால் வீட்டை விற்பவர். இந்தப் பொருள் பல தலைமுறையாக ஊறிப்போன பொருள். முன்னால் 'இசை' என்று ஒட்டவைத்தால் அது போய்விடாது, பாட்டுக்குப் பணம் போடுபவர் என்றுதான் காதில் விழும்.

'புரொட்யூசர்' என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படித் தமிழாக்கியிருக்கிறார்கள். அதன் வேரை வேகமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் 'புரோ' என்றால் முன்னே, 'டூகெரே' என்றால் நடத்திச் செல்வது. சேர்த்தால் முன்னே கொண்டுவருபவர். 'தயார்' உருது வழியாக நமக்கு வந்த சொல், அதற்கு முன் பாரசீகம், அரபி. ஆகவே தூய தமிழுக்காகத்தான் தயாரிப்பாளர் என்று போட்டோம் என்று யாரும் சொல்லவும் வழியில்லை.

ஒலிப்பதிவு உலகில் புரொட்யூசர் என்பவர் முதலிலிருந்தே பணத்துக்கான ஆள் இல்லை. பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழுவின் புரொட்யூசர் ஜார்ஜ் மார்ட்டின், ஆரம்ப வருடங்களில் இ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்தவர். பணம் கம்பெனியுடையது, காது அவருடையது. அப்புறம் 1980-ல் ரோலண்ட் கம்பெனியின் டி.ஆர்.-808 என்ற தாள இயந்திரம் வந்தது, 1981-ல் பேஸ் எனும் கீழ்த்தொனி ஒலிகளுக்கான டி.பி.-303. தாளமும் பேஸும் ஒருவர் மேசைக்கே வந்துவிட்டன. 1982-ல் பம்பாயில் சரண்ஜித் சிங் இந்த இரண்டோடு ஜூபிடர்-8 என்ற சின்தசைசரையும் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கீபோர்டு) வைத்துக்கொண்டு ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். வாசித்தவர், தாளம் அமைத்தவர், ஒலியைத் தேர்ந்தவர் எல்லாம் ஒரே மனிதர். அவரைத் 'தயாரிப்பாளர்' என்று எழுதினால், செய்த வேலையை மறைத்துவிட்டு வேறு யாரோ செய்த செலவை அவர் பேரில் எழுதுகிறோம்.

அன்று பையன் என்னை உட்காரவைத்துக் காட்டினான். பறை வாசிக்கும் நண்பர்களின் ஒத்திகையை போனில் பிடித்து வைத்திருந்தான். நடுவில் ஒரு ஸ்கூட்டர் ஹாரன். அதை வெட்டி எறிந்தான். மீதியிலிருந்து ஒரே ஒரு அடியை மட்டும் பிரித்தான், குச்சி தோலில் படும் அந்தக் கூர்மையான நொடி. அதைச் சுருதி இறக்கி, நிமிடத்துக்கு 124 அடி என்ற வேகத்தில் கட்டத்துக்குக் கட்டம் வைத்தான். கீழே கிக் என்ற கனத்த டிரம் அடி, மேலே ஹை-ஹேட் என்ற சின்ன ஜால்ரா ஒலி, இரண்டுக்கும் நடுவில் பறை. ரிச்சி தெருவில் வாங்கிய ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அந்த அடி கிக்கோடு மோதுகிறது என்று சொல்லி அதன் அடித்தொனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். நாற்பது நிமிடம் ஆனது, கையில் இருந்தது எட்டு நொடி இசை. இதில் எங்கே இருக்கிறது தயாரிப்பாளர் வேலை?

மொழிபெயர்ப்பு வேலை செய்யும் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, தயாரிப்பது என்றால் செய்வதுதானே, தீப்பெட்டி தயாரிக்கிறார்கள், மருந்து தயாரிக்கிறார்கள் என்றாள். சரி, தயாரிப்பு என்ற வினையில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தயாரிப்பாளர் என்ற பெயர் கலைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் அது பணப்பையோடுதான் வருகிறது. சொல்லின் பொருளை முடிவு செய்வது புழக்கம், அகராதியின் முதல் வரி இல்லை. இன்னும் சிலர் 'இசை உற்பத்தியாளர்' என்று எழுதுகிறார்கள், பால் உற்பத்தியாளர்கள் சங்கம் மாதிரி. லிட்டர் கணக்கில் ஊற்றும் பொருளா இசை?

'இசைக்கோப்பாளர்' கொஞ்சம் நல்ல போட்டி. மணி கோப்பது, பூக் கோப்பது போல ஒலிகளைக் கோப்பவர். எனக்கே ஒரு காலத்தில் பிடித்திருந்தது. ஆனால் கோப்பு என்றால் இன்று ஃபைல். பையன் நாள் முழுக்கக் கையாள்வதே கோப்புகளைத்தான், அங்கே இசைக்கோப்பு என்று சொன்னால் எம்.பி.3-யா வேலையா என்று குழம்பும். தவிர, கோப்பவர் என்றால் மணி ஏற்கெனவே இருக்கிறது என்று ஆகிறது. இங்கே மணியையே இவர்தான் செய்கிறார்.

இசையமைப்பாளர் என்ற சொல் மெட்டுப் போடுபவருக்கு உறுதியாகிவிட்டது, அதைத் தொடக் கூடாது. இன்னொன்று: சினிமாப் பாட்டு உறைகளில் பாடியவர், எழுதியவர் பெயர்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'புரோகிராமிங்' என்று சில பெயர்கள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குத் தமிழில் ஒரு பெயர் கூட நாம் வைக்கவில்லை.

நான் சொல்வது இசையாக்குநர். ஆக்குவது என்பது நம் வீட்டுச் சொல், சோறு ஆக்குகிறோம். அரிசியும் தண்ணீரும் நெருப்பும் வேறு வேறாக இருக்க, பக்குவம் பார்த்து வேறொன்றாக்குவது. நன்னூல் பாயிரமே நூல் எழுதியவரை 'ஆக்கியோன்' என்றுதான் சொல்கிறது. ஒலியைப் பிடிப்பதிலிருந்து கடைசி மெருகு வரை எல்லாம் இந்தச் சொல்லுக்குள் அடங்கும். அம்மாவிடம் சொன்னேன், ஒரு நொடி யோசித்துவிட்டுப் பையனிடம், "இன்னிக்கு என்ன ஆக்கின?" என்று கேட்டார்.

டி.ஜே.வை நான் மொழிபெயர்க்கச் சொல்ல மாட்டேன். டிஸ்க் என்றால் இசைத்தட்டு, ஜாக்கி கிண்டி ரேஸ் பார்த்தவர்களுக்குத் தெரிந்த அதே ஜாக்கி. அமெரிக்க வானொலியில் பிறந்த கேலிப்பெயர் அது. 'வட்டு ஓட்டுநர்' என்று எழுதினால் கேலியும் போய்விடும், வேலையும் புரியாது. கூம்பு ஒலிபெருக்கி கட்டி, கூட்டத்தின் முகம் பார்த்து அடுத்த தட்டை எடுத்த மைக்செட்காரரை நம் தெருக்களுக்குத் தெரியும், டி.ஜே. அவர் வம்சம். அடுத்தவர் ஆக்கியதைக் கூட்டத்துக்கு ஏற்றபடி பரிமாறுபவர் டி.ஜே., ஆக்குபவர் வேறு. புதிதாக வருகிற பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வதற்கு இந்த மாதிரி நோட்டீஸ்களும் ஒரு காரணம்.

அந்த வகுப்பின் கையேட்டையும் புரட்டினேன். வயிறு எரிந்தது. தாளம் ஏறி ஏறி நின்று, சட்டென்று முழு பேஸும் இறங்கும் இடம் 'டிராப்'. அதற்குத் 'துளி' என்று போட்டிருந்தார்கள். பாட்டின் கீ-க்குத் 'திறவுகோல்'. சுருதி என்ற சொல் எங்கே போயிற்று? நாகஸ்வரக்காரரைக் கேளுங்கள், எத்தனை கட்டை என்று சொல்வார். ஐந்து கட்டை என்றால் மேற்கத்திய முறையில் ஜி, எந்தக் கீபோர்டிலும் சரிபார்க்கலாம். மொழிபெயர்த்தவர் ஒரு பாட்டை ஒரு முறை கேட்டிருந்தால் துளி என்று எழுதியிருக்க மாட்டார். தமிழில் படித்துக் கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளை, இதைப் பார்த்ததும் தமிழில் இது முடியாது போலிருக்கிறது என்று மூடி வைத்துவிடுகிறது. எனக்குத் தாங்காதது அதுதான்.

பேச்சில் புரொட்யூசர் என்றே சொல்லுங்கள், பரவாயில்லை. எழுதும்போது இசையாக்குநர் என்று எழுதுங்கள், 'ஆக்குனர்' என்று வேண்டாம். மாநகரப் பேருந்தில் ஓட்டுநர், நடத்துநர் என்று இருக்கிறதே, அதே ந.